நீங்கள் போடாத மின்னணுக் கையெழுத்தை மறுப்பது எப்படி?

“ஓடிபி உங்க நம்பருக்குத்தாங்க வந்திருக்கு, அப்ப கையெழுத்து உங்களுதுதான்.” வாங்காத கடனுக்குத் தவணை கேட்டு வரும் அழைப்பில் இந்த வரியைக் கேட்டதும் பலர் அப்படியே அடங்கிப் போகிறார்கள். பென்னாகரத்திலிருந்து ஊத்தங்கரை வரைக்கும் இப்போது செல்போன், ஃபிரிட்ஜ், டூவீலர், குழுக் கடன் எல்லாமே டேப்லெட்டில் விரலால் கிறுக்கியோ ஓடிபி சொல்லியோதான் முடிகிறது. அதில் உங்களுக்குத் தெரியாமல் ஒரு ஒப்பந்தம் முளைத்தால், அதை மறுக்கச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதற்கு வக்கீலாக இருக்க வேண்டியதில்லை; எதைக் கேட்க வேண்டும், எதை எழுத்தில் வைக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விட்டுவிடுவோம். “நான் பேப்பர்ல கையெழுத்தே போடலையே, அப்புறம் எப்படி ஒப்பந்தம் செல்லும்?” என்று கேட்பதில் பயன் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 10ஏ, மின்னணு வழியில் போட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்கிறது. ஆகவே நம் கேள்வி “இது கையெழுத்தா?” என்பதல்ல. “இது என் கையெழுத்தா?” என்பதுதான்.

மின்னணுக் கையெழுத்து என்ற பெயரில் நம் ஊரில் ஓடுபவை எல்லாம் ஒரே தரம் இல்லை. டேப்லெட் திரையில் விரலால் போடுவது வெறும் படம். அதை யாரும் யாருடைய பழைய கையெழுத்திலிருந்தும் நகலெடுத்து ஒட்டலாம். “ஒப்புக்கொள்கிறேன்” பொத்தானும் ஒரு ஓடிபியும் இரண்டாவது வகை. இங்கே கையெழுத்துக்கு ஆதாரம் அந்த நிறுவனத்தின் கணினியில் இருக்கும் பதிவு மட்டும்தான். மூன்றாவது ஆதார் இ-சைன்: ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு ஓடிபி வரும், அதைச் சொன்னதும் அரசு அனுமதி பெற்ற ஒரு சான்றிதழ் நிறுவனம் உங்கள் பெயரில் சில நிமிடங்களே உயிரோடு இருக்கும் சான்றிதழ் ஒன்றை உருவாக்கி, ஆவணத்தைப் பூட்டிவிடும். நான்காவது யூஎஸ்பி டோக்கனில் வரும் டிஜிட்டல் கையெழுத்து. ஜிஎஸ்டி கட்டுபவர்கள், டெண்டர் போடுபவர்கள் வைத்திருப்பார்கள், பெரும்பாலும் ஆடிட்டர் மேசையில் கிடக்கும். டோக்கன் உங்கள் கையை விட்டுப் போனால் சான்றிதழ் நிறுவனத்துக்கு உடனே தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை, அதுவரை நடப்பதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்றால், நிரூபிக்கும் சுமை இதை வைத்துத்தான் மாறுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம், அதாவது பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்த சட்டம், பிரிவு 66இல் நேராகச் சொல்கிறது: ஒருவருடைய மின்னணுக் கையெழுத்து ஓர் ஆவணத்தில் இருப்பதாகச் சொன்னால், அது அவருடையதுதான் என்பது நிரூபிக்கப்பட வேண்டும். இதற்கு ஒரே விலக்கு, சட்டம் ‘பாதுகாப்பான மின்னணுக் கையெழுத்து’ என்று வகைப்படுத்துவது. அந்த வகை என்றால் நீதிமன்றம் முதலில் அதை நம்பும், பொய் என்று காட்டும் வேலை நம் பக்கம் வரும். விரல் கிறுக்கலுக்கும் சாதாரண ஓடிபிக்கும் அந்தச் சலுகை கிடைப்பது கஷ்டம். டோக்கன் கையெழுத்தும் ஆதார் இ-சைனும் கனமானவை. அவற்றை அசைக்க நம்மிடம் ஆதாரம் வேண்டும்.

சரி, உங்கள் விஷயம் எது? இதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ளாமல் புகார் எழுதாதீர்கள், ஏனென்றால் பாதி வழக்குகள் இங்கேதான் தடம் மாறுகின்றன. ஓடிபியே வரவில்லை, எதையும் அழுத்தவில்லை, யாரோ போட்டுவிட்டார்கள் என்றால் அது போலிக் கையெழுத்து. ஓடிபி வந்தது, நீங்களே சொன்னீர்கள், ஆனால் “டெலிவரிக்குங்க” “கேஒய்சி அப்டேட்டுங்க” என்று வேறு காரணம் சொல்லி வாங்கினார்கள் என்றால் அது ஏமாற்றி வாங்கிய சம்மதம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 19 அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. இரண்டாவது நடந்திருக்கும்போது கோபத்தில் “எனக்கு ஓடிபியே வரலை” என்று எழுதிவிட்டால், அவர்கள் எஸ்எம்எஸ் பதிவை எடுத்து வைத்த நொடியில் நீங்கள் சொல்லும் மற்ற உண்மைகளும் எடுபடாமல் போகும். ஓடிபி சொன்னது குற்றம் இல்லை. சொன்னதை மறைப்பதுதான் உங்களுக்குக் கேடு.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். பாலக்கோட்டு அக்கா ஒருவர் தர்மபுரியில் ஒரு கடையில் 18,000 ரூபாய்க்குத் தவணையில் செல்போன் வாங்குகிறார். கடைப் பையன் ஆதாரைப் படம் எடுக்கிறான், முகத்தைப் படம் எடுக்கிறான், “அக்கா, ஒரு ஓடிபி வரும் பாருங்க” என்கிறான், சொல்கிறார். கொஞ்ச நேரத்தில், “சர்வர் ஸ்லோக்கா, இன்னொன்னு வரும்” என்கிறான், அதையும் சொல்கிறார். மூன்றாம் மாதம் செல்போன் தவணைக்கு மேல் இன்னொரு தவணை கணக்கிலிருந்து போகிறது. விசாரித்தால் அவர் பெயரில் 40,000 ரூபாய்க்குத் தனிநபர் கடன் ஒன்று. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்து அழகாக இருக்கிறது.

அந்தக் கையெழுத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு “இது என் சுழி இல்லை” என்று வாதாட வேண்டாம். கண்ணாடித் திரையில் விரலால் போடும்போது யாருக்குமே சுழி சரியாக வராது, அதனால் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பெரிதாக ஒன்றும் நிற்காது. அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பல ஒப்பந்தங்களில் கையெழுத்திட்ட தேதி, நொடி வரைக்கும் நேரம், ஓடிபி போன எண், மின்னஞ்சல், எந்தக் கருவி, எந்த ஐபி முகவரி (இணையத்தில் அந்தக் கருவியைக் காட்டும் எண்) என்று ஒரு தொகுப்பு இருக்கும். ஆடிட் டிரெயில் என்பார்கள். அக்காவுக்கு மின்னஞ்சலே கிடையாது, ஆனால் அங்கே ஒரு மின்னஞ்சல் இருக்கிறது. எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அவருடையது இல்லை. நேரம் இரவு 9.52, கடையோ எட்டரைக்கே பூட்டியாகிவிட்டது. இந்த மூன்று வரி, எந்தக் கையெழுத்து நிபுணரையும் விடப் பலமான சாட்சி.

அந்தத் தொகுப்பு உங்களுக்குக் கொடுத்த நகலில் இல்லாமலும் போகலாம். கேளுங்கள். கேட்கும்போது அச்சிட்ட தாளைக் கேட்காமல் அசல் பிடிஎஃப் கோப்பைக் கேளுங்கள், இது ரொம்ப முக்கியம். தாளில் அச்சிட்டதும் டிஜிட்டல் கையெழுத்தின் தகவல் எல்லாம் அழிந்து படம் மட்டும் மிஞ்சும். வாட்ஸ்அப்பில் பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினாலும் அதே கதிதான். அசல் கோப்பைக் கணினியில் திறந்து கையெழுத்தின் மேல் அழுத்தினால், யார் பெயரில் சான்றிதழ், எந்த நிறுவனம் கொடுத்தது, எத்தனை மணிக்கு, அதன் பிறகு ஆவணத்தில் ஏதாவது மாற்றப்பட்டதா என்பதெல்லாம் தெரியும். கையெழுத்துப் போடும்போது கோப்பு முழுவதையும் கணக்கிட்டு ஹாஷ் என்ற ஒரு நீளமான எண்ணாகச் சுருக்கிப் பூட்டுகிறார்கள். பிறகு தொகையில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தாலும் ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும், மென்பொருள் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: மஞ்சள் நிறத்தில் கேள்விக்குறி தெரிந்தால் போலி என்று குதிக்க வேண்டாம். இந்தியாவின் மூலச் சான்றிதழை அந்த மென்பொருளில் சேர்க்காதவரை நியாயமான கையெழுத்துக்கும் அதே கேள்விக்குறிதான் வரும்.

அடுத்த கேள்வி இதைவிடப் பெரிது. பணம் எங்கே போனது? டிஜிட்டல் கடன் கொடுப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதிகள் கொண்டுவந்தது, 2025 மே மாதம் அவற்றைத் தொகுத்துப் புதுப்பித்தது. பொருள் வாங்கக் கொடுக்கும் கடனில் பணம் நேராகக் கடைக்குப் போகலாம் என்பது போன்ற சில விலக்குகள் தவிர, கடன் தொகை கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்கே நேராகப் போக வேண்டும், இடையில் ஏஜென்ட் கணக்கைத் தொடக்கூடாது. கையெழுத்தான ஆவணங்களும் உங்கள் மின்னஞ்சலுக்கோ எஸ்எம்எஸ்ஸுக்கோ தானாக வந்து சேர வேண்டும். ஆகவே பணம் அனுப்பிய தேதி, கணக்கு எண், யுடிஆர் எண் (ஒவ்வொரு வங்கிப் பணப் பரிமாற்றத்துக்கும் விழும் தனி எண்) மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வேறு யாருடைய கணக்கிலாவது விழுந்திருந்தால் உங்கள் வாதம் பாதி ஜெயித்த மாதிரி. உங்கள் கணக்கிலேயே விழுந்திருந்தால் ஒரு ரூபாயும் எடுக்காமல், “இது நான் கேட்காத பணம், திருப்பித் தரத் தயார்” என்று உடனே எழுதுங்கள். அதை எடுத்துச் செலவழித்துவிட்டுக் கையெழுத்து என்னுடையதில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள், நம்பவும் கூடாது.

நம் பக்கத்தில் என்ன ஆதாரம் இருக்கும்? நினைப்பதைவிட அதிகம். ஓசூர், சூளகிரி பக்கம் கம்பெனியில் ஷிஃப்ட் போகிறவர்களில் பலர் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். கையெழுத்தான நேரம் மதியம் 2.10 என்று இருந்து, நீங்கள் பஞ்ச் அடித்து உள்ளே இருந்திருந்தால் வருகைப் பதிவை எச்ஆரிடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள். ஆதார் இ-சைன் என்று சொன்னால் மைஆதார் தளத்தில் உங்கள் ஆதார் எப்போது, எந்த வழியில், எந்த நிறுவனத்தால் சரிபார்க்கப்பட்டது என்ற வரலாறு கிடைக்கும். அவர்கள் சொல்லும் நேரத்தில் அங்கே பதிவே இல்லை என்றால் பிறகு அவர்கள்தான் திணற வேண்டும். ஆனால் அது ஆறு மாதம் வரைக்கும்தான் காட்டும், அதனால் தகவல் தெரிந்த அன்றே இறக்கி வையுங்கள். ஆதாரோடு இணைத்தது பழைய எண்ணா என்றும் பாருங்கள். பெங்களூரு வேலைக்குப் போனபோது எடுத்த சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப் போயிருக்கும், சில மாதத்தில் அந்த எண் வேறொருவருக்குப் போயிருக்கும், உங்கள் ஓடிபி அவருக்குப் போய்க்கொண்டிருக்கும். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். செல்போனில் வந்த எஸ்எம்எஸ்களை அழிக்காதீர்கள். எந்த ஓடிபி எதற்கு என்று அதிலேயே எழுதியிருக்கும். அக்கா சொன்ன இரண்டாவது ஓடிபியின் வாசகத்தில் “கடன் ஒப்பந்தம்” என்ற சொல்லே இல்லை என்றால் அதைவிட என்ன வேண்டும்.

இவ்வளவும் கையில் இருந்தாலும் வாய்ப் பேச்சில் விட்டால் வீண். அழைத்தவரிடம் நாலு நாள் சண்டை போடுவதைவிட ஒரு பக்கக் கடிதம் மேல். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு, பெயரும் முகவரியும் ஒப்பந்தத்திலோ தளத்திலோ இருக்கும், மின்னஞ்சலிலும் ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். தமிழில் எழுதினாலே போதும், இப்படி:

“கடன் எண் இன்னது. இந்த ஒப்பந்தத்தில் உள்ள மின்னணுக் கையெழுத்தை நான் போடவில்லை. யாருக்கும் என் சார்பில் போட அதிகாரம் கொடுக்கவில்லை. இந்தக் கடன் தொகை என்னிடம் வரவில்லை. இந்தக் கடன் பற்றி எனக்கு முதலில் தெரிய வந்தது இன்ன தேதியில். கையெழுத்தான அசல் பிடிஎஃப் கோப்பு, ஆடிட் டிரெயில், ஓடிபி அனுப்பிய எண், அந்த எஸ்எம்எஸ் வாசகம், பணம் அனுப்பிய கணக்கு எண், யுடிஆர் எண், விண்ணப்பத்தைப் பதிவேற்றிய ஏஜென்ட் அல்லது கடையின் விவரம் ஆகியவற்றைத் தரவும். விசாரணை முடியும் வரை வசூலை நிறுத்தவும். பதிவுகள் எதையும் அழிக்க வேண்டாம்.”

ஓடிபி சொல்லியிருந்தால் அதையும் இன்ன காரணம் சொல்லி வாங்கினார்கள் என்று ஒரு வரி சேர்த்து, “நான் போடவில்லை” என்ற வரியை “ஏமாற்றி வாங்கப்பட்டது, ரத்து செய்கிறேன்” என்று மாற்றுங்கள். பணம் உங்கள் கணக்கில் விழுந்திருந்தால் “என்னிடம் வரவில்லை” என்ற வரிக்குப் பதிலாக, திருப்பித் தரத் தயார் என்ற வரியைப் போடுங்கள். “பதிவுகளை அழிக்க வேண்டாம்” என்ற வரியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். கடிதம் கிடைத்த பிறகும் பதிவு காணாமல் போனால் அது அவர்கள் தலையில் விடியும்.

இதற்கு நடுவில், “இப்போதைக்கு ஒரு தவணை மட்டும் கட்டிடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்” என்பார்கள். கட்டினால் கடனை ஏற்றுக்கொண்டதாகக் காட்டுவார்கள். கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கிறார்கள் என்றால் உங்கள் வங்கிக் கிளைக்குப் போய் அந்த மேண்டேட்டை, அதாவது தானாகப் பிடிப்பதற்கான அனுமதியை, நிறுத்த எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் அழைப்புப் பட்டியலைப் படம் எடுத்து அடுத்த கடிதத்தோடு சேருங்கள்.

வங்கி, நிதி நிறுவனம் என்றால் 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ வாடிக்கையாளர் குறைகளை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம். போலீஸுக்கு 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. பணம் போய்க்கொண்டிருந்தால் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண், மற்றபடி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம். அடுத்தவர் மின்னணுக் கையெழுத்தையோ பாஸ்வேர்டையோ மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66சி படி மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் தயாரித்தால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 336(3), ஏழு ஆண்டு வரை சிறை. போலி மின்னணு ஆவணமும் அதில் அடக்கம். “இது சிவில் மேட்டருங்க, கோர்ட்டுக்குப் போங்க” என்று அனுப்பப் பார்த்தால் இந்தப் பிரிவுகளை மனுவிலேயே எழுதிக் கொடுத்து, சிஎஸ்ஆர் ரசீது, அதாவது மனு பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நகராவிட்டால் எஸ்பிக்கு அஞ்சலில் அனுப்பலாம், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

நுகர்வோர் ஆணையம் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் இடம். பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியே ஆக வேண்டும். பாலக்கோட்டு அக்கா அந்தக் கடையில் செல்போன் வாங்கியவர், அதனால் அவர் நுகர்வோர். அவர் வழக்கு அங்கே நிற்கும். அந்த நிறுவனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவர் பெயரில் முழுக்க முழுக்கப் போலியாகக் கடன் போட்டிருந்தால், “இவர் எங்கள் வாடிக்கையாளரே இல்லையே, எப்படி நுகர்வோர்?” என்று அவர்களே வாதிடுவார்கள். தவிர, மோசடி போன்ற குற்றச்சாட்டும் கடுமையாக மறுக்கப்படும் உண்மைகளும் உள்ள வழக்கைச் சுருக்கமான விசாரணை நடத்தும் ஆணையம் தீர்மானிக்க முடியாது என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் புகாரில் “போலிக் கையெழுத்து” என்பதை மட்டும் தூக்கிப் பிடிக்காமல், கேட்ட ஆவணத்தைத் தரவில்லை, கேட்காத கடனைச் சேர்த்தார்கள், புகாருக்குப் பிறகும் பணம் பிடித்தார்கள் என்று சேவைக் குறைபாட்டையும் முறையற்ற வணிகத்தையும் முன்னால் வையுங்கள். தொடர்பே இல்லாத போலிக் கடன் என்றால் போலீஸ், ஆம்புட்ஸ்மேன், தேவைப்பட்டால் அந்த ஒப்பந்தம் என்னைக் கட்டுப்படுத்தாது என்று சிவில் நீதிமன்றத்தில் விளம்புகை (நீதிமன்றம் அப்படி அறிவிக்கும் தீர்ப்பு) கேட்பது, இந்த வழிகள்தான் சரி. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் உண்டு, 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

எந்த நீதிமன்றமானாலும் மின்னணு ஆவணத்தை வெறும் பிரின்ட்டாக நீட்டினால் ஏற்கக் கூடாது. பாரதிய சாக்ஷ்ய அதிநியம் பிரிவு 63 படி ஒரு சான்றிதழ் வேண்டும், அதில் ஹாஷ் எண்ணும் இருக்க வேண்டும். அவர்கள் ஒப்பந்தத்தைத் தாக்கல் செய்யும் அன்றே சான்றிதழ் எங்கே என்று ஆட்சேபணை பதியுங்கள். நீங்கள் தரும் ஸ்க்ரீன்ஷாட்டுக்கும் இதே விதிதான், எனவே செல்போனைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக இரண்டு விஷயங்களை மறந்துவிடுவார்கள். நம் கடன் வரலாற்றைப் பதிவு செய்து வைக்கும் சிபில் நிறுவனத்தின் அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். நாட்டில் இப்படி நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, குழுக் கடன்கள் பலவும் அவற்றில் ஒன்றான கிரிஃப் ஹைமார்க் அறிக்கையில் தெரியும். நான்கிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். போலிக் கடன் தெரிந்தால் அந்தத் தளத்திலேயே ஆட்சேபணை எழுப்பலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது.

இன்னொன்று, சென்னையிலிருந்தோ மும்பையிலிருந்தோ ‘ஆர்பிட்ரேஷன்’, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் ஒருவரை வைத்துத் தீர்ப்பது, என்று ஆங்கிலத்தில் ஒரு தபால் வரும். ஏதோ கம்பெனி நோட்டீஸ் என்று சன்னலோரம் செருகி வைத்துவிடுவார்கள். செய்யாதீர்கள். பதில் இல்லாவிட்டால் ஒருதலையாக உத்தரவு போட்டு, அதை வைத்து நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே ஜப்திக்கு வரலாம். “இந்த ஒப்பந்தத்தில் இருப்பது என் கையெழுத்து இல்லை, ஆகவே அதில் உள்ள ஆர்பிட்ரேஷன் ஷரத்தும் என்னைக் கட்டுப்படுத்தாது, நிறுவனம் தானாக நியமித்த நடுவரையும் ஏற்கவில்லை” என்று உடனே எழுதி, முன்பு அனுப்பிய கடிதத்தின் நகலையும் சிஎஸ்ஆர் நகலையும் இணைத்து அனுப்பிவிட்டு, அந்தத் தபாலோடு அதே வாரம் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள்.